காவலை அணைத்தவர்கள்

1

தாராபுரத்தில் பேருந்து நிலையத்துக்குச் சற்று அப்பால் ஒரு டி.டி.பி. நிலையம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கும்பாபிஷேக நோட்டீஸ், அரிசி ஆலைகளுக்கான பில் புத்தகம் என்று ஊருக்கு வேண்டிய எழுத்து வேலைகளெல்லாம் அங்கே இரண்டு கணினிகளில் நடந்துவந்தன. நண்பர்கள் சிலர் சேர்ந்து அவ்வப்போது கொண்டுவந்த சிறு வெளியீடுகளுக்கும் அதுவே அச்சுக்கோப்புக் கூடம். 2019-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அங்கே நிகழ்ந்த ஒரு சிறு சம்பவமே இக்கட்டுரைக்குத் தூண்டுதல். சம்பவம் சிறிது, அதற்குப் பின்னால் இருக்கும் வரலாறு பெரிது.

அப்போது எங்கள் கையில் இருந்த வேலை வழக்கமானதன்று. அமராவதிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடும் பெரியவர் ஒருவரிடம் பல மாதங்களாகச் சென்று, அவர் பாடியதை அலைபேசியில் பதிவு செய்து, கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து வந்தோம். பொன்னர் சங்கர் கதைக்கு ஏற்கெனவே பதிவுகள் உண்டு. மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த காலத்தில், 1965-இல் ஒலிநாடாவில் பதிந்த பாடம், சென்னை ஆசியவியல் நிறுவனத்தால் 1992-இல் தமிழும் ஆங்கிலமுமாக வெளியிடப்பட்டது. ஆனால் வாய்மொழிக் கதையில் ஊருக்கு ஒரு பாடம், பாடகருக்கு ஒரு பாடம் என்பதை நாட்டாரியல் அறிந்தோர் அறிவர். எங்கள் பெரியவரின் பாடத்தில் தங்கை தங்காளின் புலம்பல் வேறெங்கும் நாங்கள் கேட்டிராத அளவுக்கு விரிந்து கிடந்தது. அதை ஒரு சிறு நூலாகக் கொண்டுவர எண்ணினோம். ஒலிப்பதிவுகள் அலைபேசியில் இடத்தை அடைத்ததால் அவற்றையும் டி.டி.பி. நிலையத்தின் கணினிக்கே மாற்றியிருந்தோம்.

திங்கட்கிழமை அச்சகத்துக்குப் பக்கங்கள் போயாக வேண்டும். சனிக்கிழமை மாலை, பக்க வடிவமைப்பு மென்பொருள் முரண்டு பிடித்தது. அங்கே பணியாற்றிய இளைஞர், அதன் புதிய பதிப்பு ஒன்றைப் பென் டிரைவில் வாங்கிவந்தார். விலை கொடுத்து வாங்கியதன்று; பூட்டு உடைக்கப்பட்ட பிரதி. அதை நிறுவ முயன்றபோதெல்லாம் கணினியின் ஆன்ட்டிவைரஸ் குறுக்கே வந்து ஒரு கோப்பைத் தூக்கி எறிந்தது. பிரதியோடு வந்த குறிப்பு, நிறுவுமுன் ஆன்ட்டிவைரஸை அணைத்துவிடச் சொல்லியிருந்தது. இளைஞர் தயங்கினார். எங்களில் ஒருவர்தாம், "தம்பி, அதை ஆஃப் பண்ணிட்டு வேலையைப் பாருங்க, நேரமாகுது" என்றார். மற்றவர்கள் மறுப்புச் சொல்லவில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பக்கங்கள் ஒழுங்காக அமைந்துவிட்டன. அணைத்ததை மீண்டும் இயக்க வேண்டும் என்ற நினைவு ஒருவருக்கும் வரவில்லை.

ஞாயிறு காலை கணினியைத் திறந்தபோது எல்லாக் கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னாலும் அறிமுகமற்ற ஒரு வால் ஒட்டியிருந்தது. எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு சிறு எழுத்துக் கோப்பு: உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன, திறவுகோலின் விலை 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 35,000 ரூபாய். நகலுக்கென்று வைத்திருந்த பென் டிரைவ் அதே கணினியில் செருகியபடியே இருந்ததால் அதற்கும் அதே கதி. எஞ்சியது, மெய்ப்புப் பார்ப்பதற்காக எடுத்திருந்த 31 பக்க அச்சுத்தாள் மட்டும்.

பிறகு விசாரித்து அறிந்தோம். அது 'ஸ்டாப்' என்றும் 'டிஜேவு' என்றும் அழைக்கப்பட்ட ரான்சம்வேர் குடும்பம். பணயத்தொகை கேட்கும் நிரல். பூட்டு உடைத்த மென்பொருள்களோடு சேர்ந்து வருவதே அதன் முக்கியமான வழி. அக்டோபர் 2019-இல் எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் அந்தக் குடும்பத்தின் 148 வகைகளுக்கான மீட்புக் கருவியை இலவசமாகவே வெளியிட்டது. ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டுக்குப் பின் வந்த வகைகள் பூட்டும் முறையை மாற்றிக்கொண்டிருந்தன. எங்களுக்கு வாய்த்தது அந்தப் பிந்தைய வகை.

இச்சம்பவத்தை வைரஸ் என்ற பொல்லாத பொருளின் கதையாகத்தான் நாங்கள் நெடுநாள் சொல்லிவந்தோம். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தபின் அப்படிச் சொல்ல மனம் ஒப்பவில்லை. கன்னம் வைக்க வருபவன் முதலில் தேடுவது காவலாளியைத்தான். எங்கள் விஷயத்தில் அவனுக்கு அந்தச் சிரமம்கூட இருக்கவில்லை; அவனுடைய முதல் வேலையை நாங்களே செய்து கொடுத்திருந்தோம்.

2

தனியாள் கணினிகளிடையே உலகெங்கும் பரவிய தொடக்ககால வைரஸ்களுள் ஒன்று நம் அண்டையில் பிறந்தது. லாகூரில் கணினிக் கடை நடத்திய பாசித், அம்ஜத் என்னும் இரு சகோதரர்கள் 1986-இல் எழுதிய 'பிரெய்ன்' அது. ஃபிளாப்பி வட்டின் தொடக்கப் பகுதியில் குடியேறி வட்டிலிருந்து வட்டுக்குத் தாவியது. அதற்குள்ளே அவர்களுடைய பெயரும், கடை முகவரியும், தொலைபேசி எண்ணும் இருந்தன. தங்கள் மென்பொருளைத் திருட்டுத்தனமாக நகலெடுப்போரைக் கண்டறியவே அதை எழுதியதாக அவர்கள் பின்னாளில் கூறினர். நகலெடுத்தலைக் காரணம் காட்டிப் பிறந்த வைரஸ் குலம், முப்பது ஆண்டுகளுக்குப் பின் தாராபுரத்துக்கு வந்ததும் நகலெடுத்த மென்பொருளில் ஏறித்தான்.

வைரஸ் வந்ததும் காவல் தொழிலும் வந்தது. 1980-களின் இறுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆன்ட்டிவைரஸ் நிறுவனங்கள் தோன்றின. 1990-களில் இந்தியாவும் பின்தங்கவில்லை. சென்னையில் கே7 கம்ப்யூட்டிங் தோன்றியது. பின்னர் ஜப்பானியச் சந்தையிலும் அதன் காவல் மென்பொருள் இடம்பிடித்தது. புனேயில் கால்குலேட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அண்ணனும், கணினி படித்த தம்பியுமாகத் தொடங்கியது குவிக் ஹீல். சிறுநகரங்களின் கணினிக் கடைகளில் இத்தகைய நிறுவனங்களின் அட்டைப் பெட்டிகள் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நின்றதை நம்மில் பலர் பார்த்திருப்போம். வாங்குவோர் வாங்கினர். ஓராண்டு முடிந்ததும் புதுப்பிக்காமல் விட்டோரே மிகுதி.

ஆன்ட்டிவைரஸ் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். கணினியில் ஒரு கோப்பு திறக்கப்படும்போதும் எழுதப்படும்போதும் அது இடையில் நின்று பார்க்கிறது. ஏற்கெனவே அறிந்த வைரஸின் அடையாளத் துணுக்கு அதற்குள் இருக்கிறதா, அல்லது கோப்பின் நடத்தையில் சந்தேகத்துக்கு இடமுண்டா என்று சோதிக்கிறது. இத்தனை சோதனைக்கும் நேரம் பிடிக்கிறது. பழைய கணினியில் அந்த நேரம் கண்ணுக்குத் தெரிகிறது. "ஆன்ட்டிவைரஸ் போட்டா சிஸ்டம் ஸ்லோ ஆயிருது" என்று அலுவலகங்களில் கேட்கும் குறையில் உண்மை இருக்கிறது. சோதனைச் சாவடி இருக்கும் சாலையில் வண்டி நின்றுதான் போகும்.

வைரஸ் எழுதுவோர் இந்தச் சாவடியைக் கவனிக்கத் தவறவில்லை. ஒளிந்து கடப்பதைவிடக் காவலனை வீழ்த்துவது எளிது என்று கண்டனர். 2001 அக்டோபரில் தலைகாட்டிய 'கிளெஸ்' என்னும் மின்னஞ்சல் புழு, கணினிக்குள் புகுந்ததும் ஓடிக்கொண்டிருந்த ஆன்ட்டிவைரஸ் நிரல்களைத் தேடி நிறுத்தியது. 2008 நவம்பரில் தோன்றிய 'கான்ஃபிக்கர்' இன்னும் நுட்பமானது. விண்டோஸ் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டை அது முடக்கியது. ஆன்ட்டிவைரஸ் நிறுவனங்களின் இணையதளங்களுக்குப் போக முடியாதபடி தடுத்தது. நோயாளி மருந்துக்கடைப் பக்கமே போகாதபடி வழிமறிக்கும் நோய் அது.

இத்தகைய நிரல்களின் பெருக்கத்தைக் கண்டபின்தான், காவலை அணைப்பதையே கடினமாக்கும் ஏற்பாடுகள் வந்தன. விண்டோஸ் 10-இல் உடன்வரும் டிஃபெண்டரை ஒருவர் அணைத்தாலும் அது சிறிது நேரத்தில் தானே மீண்டும் விழித்துக்கொள்ளும். 2019-இல் மைக்ரோசாஃப்ட், வேறு நிரல்கள் டிஃபெண்டரின் அமைப்புகளை மாற்ற முடியாதபடி ஒரு தனிப் பூட்டையும் சேர்த்தது. நாம் அதைத் தொந்தரவென்று கருதினோம். உண்மையில் அது அனுபவத்தால் கற்ற எச்சரிக்கை.

3

காவலை அணைத்துவிட்டுக் களவாடும் முறை எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டும் வழக்கு ஒன்று தமிழகத்திலேயே உண்டு. அதைப் புரிந்துகொள்ள முதலில் டாக்காவுக்குப் போக வேண்டும்.

2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு. வங்கதேசத்தில் வார விடுமுறை வெள்ளியன்று தொடங்கும். அந்நாட்டு மத்திய வங்கியான பங்களாதேஷ் பாங்கின் கணினிகளிலிருந்து, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த அதன் கணக்குக்கு 35 பண மாற்று ஆணைகள் சென்றன. மொத்தத் தொகை ஏறத்தாழ 95 கோடி டாலர். வங்கிகள் ஒன்றுக்கொன்று ஆணை அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வலைப்பின்னலின் வழியே அவை முறைப்படியே சென்றன. வங்கியில் ஸ்விஃப்டுடன் இணைந்த அச்சுப்பொறி ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆணைக்கும் வரும் ஒப்புகையை அது தானாக அச்சிட்டுத் தள்ளிக்கொண்டே இருக்கும். வெள்ளியன்று காலை அலுவலர்கள் வந்து பார்த்தபோது அந்த அச்சுப்பொறி வேலை செய்யவில்லை. வழக்கமான கோளாறு என்றே முதலில் எண்ணினர். கள்வர் வைத்த நிரல்தான் அதை ஊமையாக்கியிருந்தது என்பது பின்னர் தெரிந்தது.

பெரும்பாலான ஆணைகள் நியூயார்க்கில் நிறுத்தப்பட்டன. 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. 2 கோடி டாலர் இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பப்பட்டது. 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லைக் கள்வர் எழுத்துப் பிழையோடு எழுதியதால் இடையிலிருந்த வங்கி ஐயுற்றுக் கேட்க, அப்பணம் தப்பியது. ஓர் எழுத்துப் பிழை 2 கோடி டாலரைக் காத்த கதையில் மெய்ப்புப் பார்ப்போர் மகிழ்ந்துகொள்ளலாம். அடுத்த மாதமே அந்த வங்கியின் ஆளுநர் பதவி விலகினார். வங்கியின் வலைப்பின்னலில் ஃபயர்வால் என்னும் தடுப்பரண் இல்லை என்றும், பத்து டாலர் விலையுள்ள பழைய சுவிட்சுகளே பயன்பாட்டில் இருந்தன என்றும் வங்கதேச விசாரணை அதிகாரி ஒருவர் ராய்ட்டர்ஸ் செய்தியாளரிடம் சொன்னார்.

இரண்டே ஆண்டுகள். 2018 பிப்ரவரியில், 1904-இல் கும்பகோணத்தில் தொடங்கப்பட்ட சிட்டி யூனியன் வங்கியில் அதே காட்சி அரங்கேறியது. பிப்ரவரி 6 அன்று ஸ்விஃப்டுடன் இணைந்த அச்சுப்பொறி முடக்கப்பட்டது. ஒப்புகைகள் அச்சாகவில்லை. மறுநாள் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தபோது, வங்கி அனுப்பாத மூன்று ஆணைகள் போயிருப்பது தெரிந்தது. மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் டாலர். 5 லட்சம் டாலர் நியூயார்க் வழியே துபாய்க்குப் போகவிருந்தது. அது தடுக்கப்பட்டுத் திரும்பியது. 3 லட்சம் யூரோ ஃபிராங்க்ஃபர்ட் வழியே துருக்கிக்கும், 10 லட்சம் டாலர் நியூயார்க் வழியே சீனாவுக்கும் சென்றன. இது பன்னாட்டு இணையக் குற்றவாளிகளின் வேலை என்றும், வங்கி ஊழியர் எவரும் உடந்தை என்பதற்குச் சான்றில்லை என்றும் வங்கியின் தலைமை நிர்வாகி காமகோடி தெரிவித்தார்.

கும்பகோணம் வழக்கில் நம் கவனத்துக்கு உரியது வங்கி தப்பிய விதம். கணினிக் காவல் ஊமையானபோதும், மறுநாளே கணக்கை ஒப்பிடும் பழைய வங்கிப் பழக்கம் விழித்திருந்தது. ஒரு நாள் கழித்தாயினும் திருட்டைப் பிடித்தது அதுவே. பேரேட்டையும் சிட்டையையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் கடையைப் பூட்டாத கணக்குப்பிள்ளைகளின் மரபு அது. காவல் ஒன்றாக இருந்தால் அதை அணைத்ததும் எல்லாம் முடிந்தது. இரண்டாக இருந்தால் கள்வனுக்கு வேலை இரட்டிப்பாகிறது.

இவ்விரு வங்கிகளிலும் ஆன்ட்டிவைரஸ் ஒன்று மட்டுமே களவைத் தடுத்திருக்கும் என்று நாம் சொல்லவரவில்லை. இவ்வளவு திட்டமிட்டு வருவோரை ஒற்றைக் காவல் தடுக்காது. நாம் காண்பது வேறு: உலகின் மிகத் தேர்ந்த கள்வரும் பணத்தைத் தொடுமுன், எச்சரிக்கும் பொறி எதுவென்று பார்த்து அதை வாயடைக்கிறார்கள். அந்தப் பொறியின் மதிப்பை அதன் முதலாளியைவிட அவர்கள் நன்கு அறிந்திருக்கிறார்கள்.

4

இனி மறுபக்கம். காவலை அணைப்போரெல்லாம் சோம்பேறிகள் என்றோ அறியாதோர் என்றோ சொல்வது நியாயமாகாது.

திருப்பூர், பல்லடம், காங்கேயம், தாராபுரம் வட்டாரத்துச் சிறு அலுவலகம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பனியன் கம்பெனியாக இருக்கலாம், எண்ணெய் மில்லாக இருக்கலாம். கணக்கெழுதுபவர் ஒருவர். கணினி எட்டு வயதானது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து மாதந்தோறும் 20-ஆம் தேதி என்பது அவருக்கு ஒரு தீமிதித் திருநாள். அன்று மாலை நான்கு மணிக்கு ஆன்ட்டிவைரஸ் தன் முழுச் சோதனையைத் தொடங்கினால், கணக்கு மென்பொருள் நகராமல் நின்றால், முதலாளி பின்னால் வந்து நின்று "என்னாச்சுங்க?" என்று கேட்டால், அவர் எதை அணைப்பார்? காவலால் வரும் இடைஞ்சல் அன்றாடம் வருகிறது, கண்ணுக்குத் தெரிகிறது. காவலால் வரும் நன்மை என்றைக்கோ நிகழாமற்போன ஒன்று. அதை யாரும் பார்ப்பதில்லை. நிகழாத திருட்டுக்காகக் காவல்காரனைப் பாராட்டிய ஊர் உண்டா?

காவலும் பிழை செய்வதுண்டு. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் மென்பொருள், நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்துத் தமிழெழுத்தாக மாற்றுகிறது. கடவுச்சொல்லைத் திருடும் உளவு நிரலும் ஒவ்வொரு விசையையும்தான் கவனிக்கிறது. செயல் ஒன்றாக இருக்கையில் நோக்கத்தை நிரலால் அறிய முடியாது; ஆகவே சில வேளைகளில் நல்லதும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் வெளியிட்ட ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிடித்துக்கொண்டது. உலகெங்கும் அலுவலகக் கணினிகள் அணைந்து அணைந்து எரிந்தன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் தவறான புதுப்பிப்பு ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் அன்று பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காவலனே கதவை இடித்துத் தள்ளிய நாட்கள் இவை.

இவற்றைக் காட்டி ஆன்ட்டிவைரஸே வேண்டாம் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் இரண்டு நிகழ்வுகளிலும் என்ன ஆனது? பிழை ஒரே நாளில் அறியப்பட்டது, திருத்தம் வந்தது, கோப்புகள் இருந்த இடத்தில் இருந்தன. மருந்து ஒவ்வாமல் போவதுண்டு, அதைக் கண்டு மருத்துவமனையை மூடுவதில்லை. காவல் செய்யும் பிழைக்குப் பரிகாரம், குறிப்பிட்ட ஒரு கோப்புக்கோ கோப்புறைக்கோ மட்டும் விலக்கு அளிப்பது. எல்லா ஆன்ட்டிவைரஸிலும் அதற்கு வழி உண்டு. அதற்குப் பத்து நிமிடம் ஆகும். முழுவதும் அணைக்க ஒரு நொடி போதும். வேறுபாடு அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. அதை அந்தக் கணக்காளருக்குக் கொடுக்க யாரும் ஆயத்தமாக இல்லை.

5

தன் கணினியில் காவலை அணைப்பவர், அது தன்னோடு போகும் என்று நினைக்கிறார். வலைப்பின்னலின் காலத்தில் அது பொய்யாகிவிட்டது.

2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' உலகைத் தாக்கியது. யாரும் எதையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கணினியில் புகுந்தால், அதே வலைப்பின்னலில் இருக்கும் மற்றக் கணினிகளின் ஓட்டையைத் தேடித் தானே தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே, அதாவது இரண்டு மாதங்களுக்கு முன்பே, வெளியிட்டிருந்தது. புதுப்பிப்பை அணைத்து வைத்திருந்தவர்களும், 2014 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பி போன்ற பழைய அமைப்புகளை விடாமல் பயன்படுத்தியவர்களும் அஞ்ச வேண்டியவர்களாயினர். ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டன. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஆந்திரத்தில் காவல்துறைக் கணினிகள் சில சிக்கின. சென்னைக்கு அருகில் ஒரகடத்தில் இருக்கும் ரெனோ நிசான் கார் ஆலையும் பாதிப்புக்குத் தப்பவில்லை.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடங்கின. ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டு ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. வலைப்பின்னல் முறையாகப் பிரித்து அமைக்கப்படாதது காரணமாகச் சுட்டப்பட்டது. வெளிநோயாளிச் சீட்டு, ஆய்வக முடிவு, அனுமதி, விடுவிப்பு எல்லாம் பல நாட்கள் காகிதத்தில் நடந்தன. சீரமைப்புப் பணி நடந்துகொண்டிருந்தபோது வெளியான செய்தி ஒன்று நம் நினைவில் தங்கியிருக்கிறது: மருத்துவமனையின் ஏறத்தாழ 5000 கணினிகளில் 1200-இல் ஆன்ட்டிவைரஸ் நிறுவி முடிக்கப்பட்டுள்ளது. வீடு எரிந்தபின் கிணறு வெட்டும் வேலைக்கு இதைவிடத் துல்லியமான கணக்கு கிடைப்பது அரிது. எங்கோ சில மேசைகளில் இல்லாத காவலுக்கு விலை கொடுத்தவர்கள், விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்ற வெளியூர் நோயாளிகள்.

இதற்கு மாறான ஒரு காட்சியையும் தமிழகம் கண்டது. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் இருப்பதை, கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் மத்திய அமைப்பான செர்ட்-இன் செப்டம்பர் 4 அன்று தெரிவித்ததாக, அக்டோபர் 30 அன்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அந்தக் கணினி இணையத்தோடு இணைந்த நிர்வாக வலைப்பின்னலைச் சேர்ந்தது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்போ அதிலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்டது என்று கழகம் விளக்கியது. முன்கட்டில் திருடன் நுழைந்தாலும் களஞ்சிய அறைக்கு வேறு பூட்டு இருந்தது. எய்ம்ஸில் இல்லாதது இதுவே.

6

இவ்வரலாற்றிலிருந்து அலுவலகங்கள் கொள்ளத்தக்க பாடம் நுட்பமானதன்று. காவலை அணைக்கும் அதிகாரம் அவசரத்தில் இருப்பவரின் கையில் இருக்கலாகாது. அணைத்தே ஆக வேண்டுமென்றால் இருவர் அறிய, ஒரு நேரம் குறித்து, அந்த நேரத்துக்கு வலைப்பின்னல் கம்பியைப் பிடுங்கிவிட்டு அணைக்க வேண்டும். யார் மீண்டும் இயக்குவது என்பதும் முன்பே முடிவாக வேண்டும். காவல் குறுக்கே வருகிறதென்றால் அது எதைத் தடுக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். காவலை அணைக்கச் சொல்லும் மென்பொருளை நம்புவது, நாயைக் கட்டிப்போடச் சொல்லும் இரவு விருந்தாளியை நம்புவதற்கு ஒப்பு. நகல் ஒன்று எப்போதும் கணினியோடு தொடுப்பற்றுத் தனியே இருக்க வேண்டும். செருகியபடியே கிடக்கும் பென் டிரைவை நகல் என்று சொல்வதற்கில்லை. அது பூட்டப்படக் காத்திருக்கும் இன்னொரு கோப்புறை.

பழி யார்மேல் விழுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். டி.டி.பி. நிலையத்தில் அன்று திட்டு வாங்கியது அந்த இளைஞர். மாதச் சம்பளத்தில் பிடித்தமும் செய்தார்கள் என்று பின்னர் அறிந்தோம். மென்பொருளை விலைக்கு வாங்காதது அவருடைய முடிவன்று. பழைய கணினியை மாற்றாததும் அவருடைய முடிவன்று. திங்கட்கிழமைக் கெடுவை வைத்தவர்கள் நாங்கள். அணைக்கச் சொன்னவர்களும் நாங்கள். பொத்தானை அழுத்திய விரல் மட்டுமே அவருடையது. அலுவலகங்களில் நேரும் இத்தகைய விபத்துகள் பலவற்றில், விசாரணை அந்த விரலோடு நின்றுவிடுகிறது. பிடித்த தொகையை நாங்கள் அவருக்குக் கொடுத்தோம். முதலில் மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார்.

பணயத்தொகையைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். கொடுத்தாலும் திறவுகோல் வரும் என்பதற்கு உறுதியில்லை. ஒரு மாதம் கழித்து மீண்டும் அந்தப் பெரியவரிடம் சென்று, நடந்ததைச் சொல்லி, தங்காள் புலம்பலை மறுபடி பாடக் கேட்டோம். நாங்கள் சொன்ன வைரஸ் கதையைப் பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை.

"அதே பாட்டு மறுக்கா எப்படிங் கண்ணு வரும்? வந்தா வேற பாட்டாத்தான் வரும்" என்றார்.

பாடினார். அவர் சொன்னது சரி. நன்றாகவே இருந்தது, ஆனால் முன்பு கேட்ட புலம்பல் அதில் இல்லை. எஞ்சிய 31 பக்க மெய்ப்பில் புலம்பல் தொடங்கும் இடம் இருக்கிறது. அடுத்த பக்கம் அந்தக் கணினியில் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. அதன் வன்தட்டைத் தனியே கழற்றி வாங்கி வைத்திருக்கிறோம். என்றேனும் அந்த வகைக்கும் திறவுகோல் வெளியாகலாம். இரண்டாம் முறை பாடியதை மூன்று இடங்களில் பிரதி செய்து வைத்திருக்கிறோம். அவற்றுள் ஒன்று காகிதம்.